திருகோணமலை வீதிகளில் ஓடும் கெப் வாகனத்துக்கு லெவலிங் கிட் தேர்வு செய்தல்: முழுமையான வழிகாட்டி

சுமையில்லாமல் நிற்கும் கெப் வாகனம் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், முன்பகுதி சற்றுத் தாழ்ந்தும் பின்பகுதி சற்று உயர்ந்தும் இருப்பது தெரியும். பின்பெட்டியில் சுமை ஏறும்போது பின் ஸ்பிரிங் பிளேட்டுகள் அமிழ்ந்து வாகனம் மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் வேண்டுமென்றே வைக்கும் சாய்வு அது. அந்தச் சாய்வைக் குறைப்பதற்காக முன் சஸ்பென்ஷனை (சில்லுகளுக்கு மேல் வாகனத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை) மட்டும் உயர்த்தும் பாகங்களையே லெவலிங் கிட் என்கிறோம். நான்கு சில்லுகளின் பக்கமும் உயர்த்தும் லிஃப்ட் கிட் வேறு. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்று கேட்டுக்கொண்டே பலர் உதிரிப்பாகக் கடைக்குப் போகிறார்கள். இந்த வாகனம் எந்தச் சுமையோடு ஓடப்போகிறது என்ற கேள்வியிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் ஐஸ் பெட்டிகளோடு புறப்படும் கெப்புக்கும், நிலாவெளி விடுதி ஒன்றின் விருந்தினரை ஏற்றி இறக்கும் டபள் கெப்புக்கும், தம்பலகாமத்தில் அறுவடைக் காலத்தில் மட்டும் நெல் மூடை சுமக்கும் கெப்புக்கும் ஒரே கிட் பொருந்தாது. மூன்றும் ஒரே ஆண்டில் வந்த ஒரே மாதிரி வாகனங்களாக இருந்தாலும் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீக்கப்பட்டது. ஆகவே நம் வீதிகளில் ஓடும் கெப் வாகனங்களில் பல நீண்டகாலம் உழைத்தவை. அவற்றின் முன்பகுதி தாழ்ந்திருப்பதற்குத் தொழிற்சாலைச் சாய்வு மட்டும் காரணமாக இருக்காது. தளர்ந்துபோன ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் எனப்படும் இடைத்துண்டு வைத்தால் உயரம் கிடைக்கும், ஆனால் ஸ்பிரிங்கின் தளர்ச்சி அப்படியே இருக்கும்.

முதலாவது படி: அளத்தல்

அளவு நாடா ஒன்று, ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய் சில மீற்றர், கொஞ்சம் தண்ணீர் ஆகிய மூன்றும் போதும். மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் அதே தண்ணீர்க் குழாய் முறைதான் இங்கும் தேவைப்படுகிறது.

முதலில் மட்டமான தரை ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். நெல் உலர்த்தும் சீமெந்துத் தளங்கள் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும், மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சிறு சரிவோடு கட்டப்பட்டிருக்கும். மூன்று மீற்றர் தூரத்தில் அந்தச் சரிவு 30 மில்லிமீற்றரைத் தொட்டாலே நமது அளவு முழுவதும் பிழைத்துவிடும். ஆகவே நான்கு சில்லுகளும் நிற்கப்போகும் இடங்களைத் தண்ணீர்க் குழாயால் சரிபார்த்து, சரிவு இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு பின்னர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டயர்களின் காற்றழுத்தம் சரியான அளவில் இருக்க வேண்டும். எரிபொருள் தாங்கி பாதியளவேனும் நிரம்பியிருப்பது நல்லது. வாகனத்தைச் சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, முன் பம்பரை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டால், சஸ்பென்ஷன் தன் இயல்பான நிலைக்கு வந்துவிடும். அதன் பின்னர் ஒவ்வொரு சில்லின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங், புஷ் (மூட்டிலுள்ள ரப்பர் உறை), பிளேட் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கக்கூடும். அதைத் திருத்தாமல் கிட் வாங்குவது பணத்தை வீணாக்கும் வேலை.

மட்கார்ட் அளவை முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட்டுச் சாய்வைக் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியான வழியன்று. முன் மட்கார்டின் வளைவும் பின்பெட்டியின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்படுவதில்லை. இரண்டு அளவும் சமமாக வந்தாலும் வாகனம் மட்டமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மட்கார்ட் அளவு கிட் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு உதவும், அவ்வளவுதான். உண்மையான சாய்வை அறிய, கெபினுக்கு அடியில் சஸி நேராக ஓடும் பகுதியில் இரண்டு புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, தண்ணீர்க் குழாயால் அவற்றின் உயர வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 1500 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளில் 24 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3085 மில்லிமீற்றர் தூரமுள்ள ஹைலக்ஸ் டபள் கெப்பில் அது ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் சாய்வு ஆகும்.

இதே அளவுகளை மூன்று நிலைகளில் எடுக்க வேண்டும்: வெறுமையாக, வழக்கமான சுமையோடு, ஏற்றக்கூடிய அதிகபட்ச சுமையோடு. இரண்டாவது அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பலர் எடுக்காமல் விடுவதும் அதைத்தான். மீன் ஏற்றுகிறவர் ஐஸ் போட்டு நிரப்பிய பெட்டிகளோடும், குடிதண்ணீர்த் தாங்கி கொண்டுபோகிறவர் தாங்கி நிறைந்த நிலையிலும் அளக்க வேண்டும்.

இரண்டாவது படி: எவ்வளவு உயர்த்துவது என்று தீர்மானித்தல்

மேலே சொன்ன 50 மில்லிமீற்றர் சாய்வுள்ள வாகனத்தையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான சுமை ஏறியதும் பின்பகுதி 45 மில்லிமீற்றர் அமிழ்கிறது, முன்பகுதி 5 மில்லிமீற்றர் எழுகிறது என்றால், சுமையோடு அந்த வாகனம் ஏற்கெனவே மட்டமாகத்தான் ஓடுகிறது. அதன் முன்பகுதியை 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் வெறுமையாக நிற்கும்போது அழகாக இருக்கும். சுமையேற்றிய பின்னர் மூக்கு 50 மில்லிமீற்றர் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ஸ்டியரிங்கின் பிடிமானம் குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது வாகனம் நடந்துகொள்ளும் விதமும் மாறும். நாளாந்தம் சுமை ஏற்றும் கெப்புக்கு லெவலிங் கிட் தேவையே இல்லை என்பதே பெரும்பாலும் சரியான விடை. அத்தகைய வாகனத்தின் உரிமையாளர் முதலில் பின் ஸ்பிரிங் பிளேட்டுகளைச் சோதித்துப் பார்க்கட்டும். சுமையில் பின்பகுதி அளவுக்கு மீறி அமிழ்ந்தால் பணத்தை அங்கே செலவிடுவதே பயன் தரும்.

அறுவடைக் காலத்தில் மட்டும் சுமை ஏற்றுகிறவர் 25 மில்லிமீற்றர் அளவில் உயர்த்தி, மீதிச் சாய்வை அப்படியே விட்டுவைக்கலாம். ஆண்டில் பெரும்பகுதி ஆட்களோடும் சிறு பொருட்களோடும் ஓடும் டபள் கெப்பில்தான் சாய்வின் பெரும்பகுதியை நீக்குவதற்கு நியாயம் இருக்கிறது. அதிலும் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரையிலான சாய்வை மிச்சம் வைப்பதையே நான் விரும்புவேன். பின் ஆசனத்தில் மூவரும் பெட்டியில் பயணப்பைகளும் ஏறினாலே அந்த மிச்சம் தீர்ந்துவிடும்.

கிட்டிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். முன்பகுதியை உயர்த்துவதால் புல்மோட்டைப் பக்கத்து மணற்பாதையிலோ மூதூர்ப் பக்கத்து வாய்க்கால் கட்டிலோ ஏறும்போது முன் பம்பர் தரையில் முட்டுவது குறையும். ஆனால் பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷல் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழியில்லை. மாரி மழையில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாயும் வீதியைக் கடப்பதற்கு இந்தக் கிட்டை நம்பி இறங்கவும் கூடாது; எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் 40 மில்லிமீற்றர் உயர்ந்ததால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சொற்பம்.

மூன்றாவது படி: முன் சஸ்பென்ஷன் எந்த வகை என்று அறிதல்

நம்மிடையே ஓடும் கெப்புகளின் முன் சஸ்பென்ஷன் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். பழைய தலைமுறை வாகனங்களில், முறுக்கப்பட்டு ஸ்பிரிங் போல இயங்கும் தண்டான டோர்ஷன் பார் இருக்கும்: 1997 க்குப் பின்னும் 2005 க்கு முன்னும் வந்த ஹைலக்ஸ் டபள் கெப், 2005 வரையிலான பழைய மிட்சுபிஷி எல்200, நிசான் டி22, 2011 க்கு முந்திய ஃபோர்ட் ரேஞ்சர் ஆகியவை இதற்கு உதாரணங்கள். ஹைலக்ஸ் வீகோ, அதற்குப் பின்னர் வந்த ரெவோ, புதிய எல்200, நவாரா டி40, 2011 க்குப் பிந்திய ரேஞ்சர் போன்றவற்றில் கொயில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். முன்னாலும் ஸ்பிரிங் பிளேட்டோடு முழு அச்சு உள்ள மிகப் பழைய நான்கு சில்லு உந்து ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் பிளேட் வேலை செய்யும் கராஜுக்கே போகலாம். கீழே சொல்லப்படுபவை அவர்களுக்குப் பொருந்தா.

ஐயமிருந்தால் முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஷொக்கைச் சுற்றித் தடித்த சுருள் இருந்தால் அது ஸ்ட்ரட். சுருள் எதுவும் இல்லாமல், சில்லைச் சஸியோடு இணைக்கும் ஆர்மிலிருந்து வாகனத்தின் நடுப்பகுதியை நோக்கி நீண்ட இரும்புத் தண்டு ஒன்று போனால் அது டோர்ஷன் பார்.

நான்காவது படி: கிட்டின் வகையைத் தேர்தல்

டோர்ஷன் பார் உள்ள வாகனத்துக்குக் கடைக்காரர்கள் கீ எனப்படும் மாற்று முனைப் பிடிகளைக் காட்டுவார்கள். அவற்றை வாங்குவதற்கு முன்னர், தண்டின் பின்முனையில் ஏற்கெனவே இருக்கும் சரிசெய்யும் போல்ட்டைப் பாருங்கள். அதில் இன்னும் முறுக்குவதற்கு இடமிருந்தால் கீ வாங்கவே வேண்டியதில்லை. புதிய கீ செய்வதெல்லாம் அந்தப் போல்ட்டுக்கு மேலும் சிறிது இடம் கொடுப்பதுதான். தண்டு அதே தண்டு, அதன் விறைப்பும் அதே விறைப்பு. உயர்த்திய பின்னர் வாகனம் கடினமாகக் குதிப்பதாகச் சாரதிகள் சொல்வதற்குக் காரணம், சில்லு கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடுவதே. மேல் ஆர்ம் தன் கீழ்த் தடுப்பு ரப்பருக்கு மிக அருகில் வந்துவிடுவதால், வேகத்தடையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அது போய் இடிக்கும். இதைச் சோதிப்பது எளிது. முன்பகுதியை ஜக் வைத்துத் தூக்கி, சில்லு தரையை விட்டு எழும்போது மட்கார்ட் அளவு எவ்வளவு கூடியது என்று பாருங்கள். 50 மில்லிமீற்றருக்குக் குறைவாகக் கூடினால் தேவைக்கு மேல் உயர்த்தியிருக்கிறீர்கள்.

பல ஆண்டு உழைத்துத் தளர்ந்த டோர்ஷன் பாருக்குச் சரியான மருந்து புதிய பார். தடித்த பார் வாங்கும்போது அவதானம் தேவை, ஏனெனில் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி கூடுகிறது: 24 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதில் 26 மில்லிமீற்றர் தண்டு போட்டால் விறைப்பு ஏறக்குறைய 38 வீதம் கூடிவிடும். முன்னால் கனமான இரும்புக் காப்புச் சட்டமும் வின்ச்சும் பொருத்தியவருக்கு அது வேண்டியதாயிருக்கலாம். மற்றவருக்கு இடுப்புவலிதான் மிஞ்சும்.

ஸ்ட்ரட் உள்ள வாகனத்தில் தேர்வு இன்னும் விரிவானது. மலிவானதும் நம் பகுதியில் அதிகம் பொருத்தப்படுவதும் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர். ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை; ஓட்டத்தின் மென்மையும் பெரிதாக மாறாது. ஆனால் முழு ஸ்ட்ரட்டும் கீழே தள்ளப்படுவதால், சில்லு தொழிற்சாலை நிர்ணயித்த எல்லையைத் தாண்டியும் கீழே தொங்கும். ஆர்மைச் சில்லுப் பகுதியோடு இணைக்கும் போல் ஜொயின்ட், முன் சில்லுக்கு எஞ்சின் வலுவைக் கொண்டுபோகும் சி.வி. ஜொயின்ட், பிரேக் ஹோஸ் ஆகிய மூன்றுக்கும் அந்த மேலதிக இழுவை போய்ச் சேரும். மறு முனையில், பெரிய பள்ளத்தில் விழும்போது தடுப்பு ரப்பர் தொடுவதற்கு முன்னரே ஷொக் தன் கடைசி எல்லைக்குப் போய் இடிக்கும் அபாயமும் உண்டு.

இரண்டாவது வகை ஸ்பேசர் ஸ்ட்ரட்டுக்கு உள்ளே, ஸ்பிரிங்கின் தலையில் வைக்கப்படுவது. இதில் சில்லு கீழே தொங்கும் எல்லை மாறாது. ஆகவே மூட்டுகளுக்குப் பாதுகாப்பு அதிகம். அதற்கு ஈடாகச் சில்லு கீழே இறங்கும் தூரம் குறையும். குழியொன்றில் சில்லு விழும்போது ஷொக் தன் முழு நீளத்துக்கு நீண்டு ‘டக்’ என்று அடிக்கும். இதைப் பொருத்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக் கழற்ற வேண்டும். அமுக்கப்பட்ட கொயில் ஸ்பிரிங் பிடியிலிருந்து நழுவினால் ஆளைக் கொல்லும் வலு அதற்கு உண்டு. தரமான அழுத்தும் கருவி இல்லாத கராஜில், இரண்டு கொக்கியும் கம்பியும் கொண்டு இந்த வேலையைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

ஸ்பேசரின் தடிப்பும் கிடைக்கும் உயரமும் ஒன்றல்ல என்பதை வாங்குகிறவர் விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நுனியில் நிற்பதில்லை, அதன் நடுப்பகுதிக்குக் கிட்ட நிற்கிறது. அதனால் ஸ்ட்ரட்டில் ஏற்படும் சிறு மாற்றம் சில்லில் பெரிதாகத் தெரியும். 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் பெரும்பாலான கெப்புகளில் 45 முதல் 50 மில்லிமீற்றர் வரை உயரம் தரும். பெட்டியில் ‘2 அங்குலம்’ என்று அச்சடித்திருந்தால், அது ஸ்பேசரின் தடிப்பா, சில்லில் கிடைக்கும் உயரமா என்று கேட்டு உறுதிசெய்த பின்னரே பணம் கொடுங்கள். நமது உதாரணத்தில் 25 மில்லிமீற்றர் உயர்த்த விரும்பும் கமக்காரருக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் ஸ்பேசர் மட்டுமே.

மூன்றாவது வழி, நீளமும் விறைப்பும் சரியாகக் கணக்கிடப்பட்ட புதிய ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக்கும் போடுவது. செலவு கூடியதெனினும் பழைய வாகனத்துக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் தளர்ந்த பாகமும் மாறுகிறது, உயரமும் கிடைக்கிறது. வாங்கும்போது முன்பகுதியில் நிரந்தரமாக எவ்வளவு மேலதிக எடை இருக்கிறது என்று சொல்ல வேண்டும்; காப்புச் சட்டம் இல்லாத வாகனத்துக்குக் காப்புச் சட்டத்துக்கான ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு எதிர்பார்த்ததை விட உயர்ந்து நிற்கும். ஸ்பிரிங் இருக்கையின் உயரத்தை மாற்றி அமைக்கக்கூடிய ஷொக் வகைகளும் கிடைக்கின்றன. சுமையும் உபகரணமும் அடிக்கடி மாறுகிறவருக்கு அவை பயனுள்ளவை.

பின்பகுதியைத் தாழ்த்தி மட்டப்படுத்தும் முறை ஒன்றும் உண்டு. சுமை வாகனத்துக்கு அதைச் செய்யவே கூடாது. பின்பகுதியின் உயரத்தை எவ்வகையில் மாற்றினாலும், பின் அச்சிலிருந்து சஸிக்குப் போகும் சிறு கம்பியால் இயங்கும் பிரேக் வால்வு சுமையைப் பிழையாக உணரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஐந்தாவது படி: மூட்டுகளும் கோணங்களும்

சில்லில் 50 மில்லிமீற்றர் என்பதை நான் எல்லையாக வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் மேல் ஆர்மின் போல் ஜொயின்ட் தன் கோணத்தின் முடிவுக்கு வருகிறது, சி.வி. ஜொயின்ட்டின் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, காஸ்டர் கோணமும் (சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைகிறது. காஸ்டர் குறைந்த வாகனத்தில், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. கந்தளாய் தாண்டி ஏ6 வீதியின் நேரான பகுதிகளில் வேகமாகப் போகும்போது வாகனம் இரு பக்கமும் அலையும். இவற்றைச் சரிசெய்ய வேறு மேல் ஆர்ம்களும், டிஃபரன்ஷலைச் சற்றே கீழிறக்கும் பாகங்களும் விற்கப்படுகின்றன. அவற்றையெல்லாம் வாங்கவேண்டி வந்தால், உயரத்தைக் குறைத்துக்கொள்வதே அறிவு.

டயரையும் சேர்த்து மாற்ற நினைப்பவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 265/65ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர். 265/70ஆர்17 டயரின் விட்டம் 803. வாகனம் முன்னும் பின்னும் 13 மில்லிமீற்றர் உயரும். வேகமானி உண்மையான வேகத்தை விட 3 வீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் மட்கார்டின் உட்பக்கத்தில் உரசவும் கூடும்.

ஆறாவது படி: கடற்காற்றை மனதில் வைத்து வாங்குதல்

திருகோணமலையில் உப்பைக் கணக்கில் எடுக்காமல் எந்த இரும்புச் சாமானையும் வாங்க முடியாது. மீன் ஏற்றும் கெப்புகளில் இது இன்னும் கடுமை: பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு நேராகச் சஸியிலும் பிளேட்டுகளிலும் வடிகிறது. அலுமினிய ஸ்பேசர் துருப்பிடிக்காது என்று விற்பார்கள். ஆனால் அது இரும்புப் போல்ட்டோடு உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும். மேற்பரப்பு அனோடைஸ் செய்யப்பட்ட (மின்வேதி முறையில் காப்புப் படலம் ஏற்றப்பட்ட) ஸ்பேசரைத் தெரிந்தெடுத்து, பொருத்தும்போது தொடும் முகங்களில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பூச்சுப் பூசிய இரும்பு ஸ்பேசர் வலிமையானது. பூச்சு உரிந்த இடத்தில் உடனே வர்ணம் தீட்டிவிட வேண்டும். பொலியூரித்தேன் ஸ்பேசர் துருப்பிடிக்காது, எனினும் தரம் குறைந்தது காலப்போக்கில் நசுங்கி உயரத்தை இழக்கும்.

கடலோரத்துக் கெப்புகளில் எல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி, கீழ் ஆர்மைத் தாங்கும் அலைன்மென்ட் போல்ட்தான் (சில்லின் கோணங்களைச் சரிசெய்யத் திருப்பும் போல்ட்). வெளியே நட் நன்றாகக் கழன்று வரும். உள்ளே போல்ட்டும் புஷ்ஷின் இரும்புக் குழலும் செம்பழுப்புத் துருவால் ஒன்றாக ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்தால் புஷ்ஷின் ரப்பர் மட்டும் கிழியும், போல்ட் அசையாது. பிறகு கிரைண்டரால் இரு பக்கமும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்தப் போல்ட் சுழலாவிட்டால் அலைன்மென்ட் செய்யவே முடியாது; அலைன்மென்ட் இல்லாமல் லெவலிங் கிட் பொருத்தினால் சில மாதங்களில் முன் டயர்களின் ஒரு விளிம்பு நூல் தெரியும்வரை தேய்ந்துவிடும். ஆகவே கிட் வாங்குவதற்கு முன்னரே அந்தப் போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் பல நாட்கள் விட்டு, அவை சுழல்கின்றனவா என்று கராஜில் பார்த்துவிடுங்கள். சுழலாவிட்டால் புதிய போல்ட், புஷ் ஆகியவற்றின் விலையையும் செலவுக் கணக்கில் சேருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிட் வாங்கப் போகிறவர் இவற்றையும் அதே பயணத்தில் வாங்கி வருவது நல்லது.

கடையில் வாகனத்தின் சஸி இலக்கத்தையும் மாதிரியையும் கொடுத்துக் கேளுங்கள்; ‘எல்லா ஹைலக்ஸுக்கும் போகும்’ என்று சொல்லித் தரப்படும் பொருளை வாங்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் இந்த மாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது பின்னர் வரக்கூடிய தொல்லைகளைத் தவிர்க்கும்.

ஏழாவது படி: பொருத்தும்போது அருகில் நின்று பார்க்க வேண்டியவை

தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசரென்றால், ஸ்ட்ரட்டின் நடுவிலுள்ள பெரிய நட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். சுற்றியுள்ள சிறிய நட்டுகளை மட்டுமே கழற்ற வேண்டும். வாகனம் ஜக்கில் மட்டும் நிற்காமல் சஸியின் கீழ்த் தாங்கிகளில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளை இறுதியாக இறுக்கும் நேரத்தில் மிகுந்த கவனம் தேவை. சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவற்றை இறுக்கிவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வாகனத்தை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழியும். போல்ட்டுகளை மெதுவாகப் பிடித்துவிட்டு, வாகனத்தைத் தரையில் இறக்கி, சற்று உருட்டி, எடை முழுவதும் சில்லில் நிற்கும்போதுதான் இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கராஜில் வேலை செய்யும் பாஸுக்கு இது மேலதிக வேலைதான்; மரியாதையோடு கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சில்லைத் தொங்கவிட்டு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் இருக்கின்றனவா, பூட் எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள். அடுத்து அலைன்மென்ட். காஸ்டர், கேம்பர் (சில்லு உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), டோ (முன் சில்லுகள் உள்நோக்கி அல்லது வெளிநோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மூன்றின் அளவுகளையும் அச்சிட்டுத் தரும் இடத்துக்கே போங்கள். டோ மட்டும் சரிசெய்து அனுப்பும் இடம் இந்த வேலைக்குப் போதாது.

எட்டாவது படி: ஹெட்லைட்

இதைப் பலரும் செய்யாமல் விடுகிறார்கள். அதனால் பாதிக்கப்படுவது மற்றவர்கள் என்பதால் எனக்கு இது மிகுந்த கவலை தரும் விடயம். ஹைலக்ஸின் முன்பகுதியை 40 மில்லிமீற்றர் உயர்த்தினால், 3085 மில்லிமீற்றர் நீளத்தில் அது 1.3 வீதச் சாய்வு மாற்றம். தாழ் ஒளி பொதுவாகக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்படுவதும் 1 முதல் 1.3 வீதம் வரைதான். அதாவது ஒளி கீழ்நோக்கி இருந்த சாய்வு முழுவதும் அழிந்து, விளக்கு நேராக எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. கிண்ணியாப் பாலத்தில் சைக்கிளில் எதிரே வருகிறவருக்கும், விடியுமுன் கடற்கரைக்குப் போகும் தொழிலாளிக்கும் சில விநாடிகள் கண் தெரியாமல் போவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

சரிசெய்வது கடினமன்று. வழக்கமான சுமையோடு வாகனத்தைச் சுவருக்கு நேரே 10 மீற்றர் தூரத்தில் நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரையுள்ள உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 முதல் 13 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு போடுங்கள். தாழ் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க் கோட்டில் விழுமாறு விளக்கின் பின்னாலுள்ள திருகாணியைத் திருப்ப வேண்டும். இடது ஓரத்தில் ஒளி சற்று மேலேறுவது இயல்பு, நாம் இடது பக்கமாக ஓடுவதால் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. டாஷ்போர்டில் விளக்கைத் தாழ்த்தும் சிறு சக்கரம் இருந்தால், இந்த வேலையின்போது அதைப் பூச்சியத்தில் வைத்திருங்கள். அதன் பின்னர் அதிக சுமை ஏறும் நாளில் அதைத் திருப்பித் தாழ்த்திக்கொள்ளலாம்.

முதல் 500 முதல் 1000 கிலோமீற்றர் ஓடிய பின்னர் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்த்து, முதல் நாள் எழுதி வைத்த இடத்திலேயே மட்கார்ட் அளவுகளை மறுபடி எடுங்கள். புதிய ஸ்பிரிங் சில மில்லிமீற்றர் அமர்வது வழக்கம். இரு பக்கமும் ஒரே அளவில் அமர்ந்திருந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை அலைன்மென்ட்டை மீண்டும் தொட வேண்டாம்.